மலையேற வேண்டிய மருந்து: வலி தணிப்பு ஆய்வுகளும் பழனி மலைக் கிராமங்களும்

கொடைக்கானல் நகரம் நோய்க்கு அஞ்சி மலையேறியவர்களால் உருவானது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவர் பலரைப் பலிகொடுத்த பின், 1845ஆம் ஆண்டில் பழனி மலையின் மேல் இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறியதே அந்நகரின் தொடக்கம். மதுரை மிஷன் மருத்துவர் பிராங்க் வான் ஆலனின் பெயரைத் தாங்கிய மருத்துவமனை பின்னாளில் மலை மீது எழுந்தது. அடிவாரத்து ஒட்டன்சத்திரத்தில் 1955ஆம் ஆண்டு மருத்துவர்கள் ஏ.கே. தரியனும் ஜேக்கப் செரியனும் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையைத் தொடங்கினர். இவ்வளவு மருத்துவ வரலாறு கொண்ட மலையில், புற்றுநோய் முற்றியவரும் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தவரும் மூட்டுத் தேய்ந்த முதியவரும் தம் வலிக்குத் தீர்வு தேடி இன்றும் கொண்டை ஊசி வளைவுகள் வழியே சமவெளிக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இறங்க இயலாதவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்தப் பொறுமை தேவையற்றது என்பதை ஐயமின்றி நிறுவியுள்ளன. நோய் குணமாகாத நிலையிலும் வலியைப் பெரும்பாலும் அடக்க முடியும் என்பதும், அதற்கு விலையுயர்ந்த கருவிகளைவிட மலிவான சில மாத்திரைகளும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் நோயாளியின் வீட்டுக்கு வரும் ஏற்பாடும் முதன்மையானவை என்பதும் அந்த ஆய்வுகளின் சாரம். மலைக்கிராமங்களைப் பொறுத்தவரை எஞ்சியிருக்கும் சிக்கல் அறிவியலுடையதன்று. அந்த அறிவைக் கடைசி வீடு வரை கொண்டு சேர்க்கும் நிர்வாகத்துடையது.

வலி உண்டாகும் விதம்

காயம் எவ்வளவோ அவ்வளவே வலி என்பது நெடுங்காலம் மருத்துவர்களிடமும் நிலவிய கருத்து. அதை உலுக்கியவர்கள் கனடிய உளவியலாளர் ரொனால்டு மெல்சாக்கும் பிரிட்டிஷ் நரம்பியலாளர் பாட்ரிக் வாலும் ஆவர். 1965இல் அவர்கள் முன்வைத்த ‘வாயில் கொள்கை’, உடலிலிருந்து வரும் வலிக்குறிகள் தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகின்றன என்றும், தொடுதல், அழுத்தம் ஆகியவற்றை உணர்த்தும் நரம்பிழைகளும் மூளையிலிருந்து இறங்கிவரும் ஆணைகளும் அந்த வாயிலைத் திறக்கவோ மூடவோ வல்லவை என்றும் கூறியது. முழங்கால் இடித்துக்கொண்டவுடன் அந்த இடத்தைக் கை தானாகவே தேய்த்துவிடுவதற்கும், அச்சமும் தூக்கமின்மையும் வலியைப் பெருக்குவதற்கும் இக்கொள்கையில் விளக்கம் கிடைத்தது. பிற்கால ஆய்வுகள் இக்கொள்கையின் நுணுக்கங்கள் சிலவற்றைத் திருத்தினாலும், வலியின் அளவைத் தண்டுவடமும் மூளையும் மாற்றியமைக்கின்றன என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

நீடித்த வலி தண்டுவட நரம்புகளின் இயல்பையே மாற்றிவிடுகிறது என்பதை 1983இல் கிளிஃபோர்டு வுல்ஃப் காட்டினார். திருவிழா முடிந்த பிறகும் ஒலியைக் குறைக்காமல் விட்ட ஒலிபெருக்கி மெல்லிய பேச்சையும் அலறலாக்குவதுபோல, காயம் ஆறிய பின்னும் அந்த நரம்புகள் லேசான தொடுதலையும் வலியாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். ‘மைய நரம்பு மிகையுணர்வு’ எனப்படும் இந்நிலை, ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் பலரின் வலி கற்பனையானதன்று என்பதற்குச் சான்று.

வலியை உணரும் மூலக்கூறுகளைக் கண்டறிந்த வரலாற்றில் மிளகாய்க்கும் பங்கு உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நரம்பில் எதைத் தொடுகிறது என்று தேடிய டேவிட் ஜூலியஸ், 1997இல் ‘டிஆர்பிவி1’ என்ற ஏற்பியைக் கண்டறிந்தார். சுடும் வெப்பத்தையும் அதே ஏற்பிதான் உணர்கிறது என்பதால், காரம் நாக்கில் ‘எரிவது’ ஏன் என்பதும் விளங்கியது. அழுத்தத்தை உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுடன் அவர் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதற்கிடையே, பிறவியிலேயே வலி அறியாத சிலரைப் பாகிஸ்தானின் வடபகுதிக் குடும்பங்களில் கண்ட ஆய்வாளர்கள், நரம்பிழைகளில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் ஒரு கால்வாய்க்கான மரபணு அவர்களிடம் செயலிழந்திருப்பதை 2006இல் வெளியிட்டனர். சோடியம் கால்வாயை அடைத்தால் வலியை அடக்கலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. இதே வகையைச் சேர்ந்த மற்றொரு கால்வாயை மட்டும் அடைக்கும் ‘சுசெட்ரிஜின்’ என்ற மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அபினியிலிருந்து பெறப்படும் மருந்துகளைப் போல மூளையில் செயல்படாமல், உடலின் புறநரம்புகளிலேயே வலிக்குறியைத் தடுப்பது இதன் சிறப்பு. எனினும் ஒப்புதல் குறுகிய காலக் கடும்வலிக்கு மட்டுமே. நாட்பட்ட வலிக்கு இது தீர்வாகுமா என்பது இனிவரும் ஆய்வுகளைப் பொறுத்தது.

மலையின் வலிகள்

எல்லா வலிக்கும் ஒரே மருந்து இல்லை என்பதால், வலியின் வகையை அறிவதே சிகிச்சையின் முதல் படி. தசை, எலும்பு, உள்ளுறுப்பு ஆகியவற்றின் சேதத்தால் வருவது திசுவலி; நரம்பே பழுதடைவதால் எரிச்சலாகவும் மின்னதிர்ச்சி போலவும் வருவது நரம்புவலி; திசுவிலோ நரம்பிலோ பழுது தென்படாமல், வலியைக் கையாளும் அமைப்பே தடம் மாறுவதால் வருவது மூன்றாம் வகை. இம்மூன்றும் ஒருவரிடமே கலந்திருக்கவும் கூடும்.

பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் படிக்கட்டு வயல்களில் விளைகின்றன. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைப் பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் உள்ளன. சரிவில் குனிந்து களையெடுப்பதும், மூட்டையைத் தலையிலோ முதுகிலோ சுமந்து ஏறி இறங்குவதும் முழங்காலையும் இடுப்பையும் பதம் பார்க்கும் வேலைகள். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடை முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சி முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று என்பதை இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் ஒருமித்து ஏற்கின்றன. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்தி இறக்குவது போன்ற இப்பயிற்சியை இயன்முறை மருத்துவர் ஒருமுறை சரியாகக் கற்றுத்தந்தால், அதை வீட்டிலேயே தொடர முடியும்.

பனியும் குளிரும் மூட்டுவலியைக் கூட்டுகின்றன என்பது மலைவாழ் மக்களின் பொதுவான நம்பிக்கை. பிரிட்டனில் நாட்பட்ட வலியுடைய 2,658 பேர் தம் வலியைக் கைப்பேசியில் நாள்தோறும் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. காற்றின் ஈரப்பதமும் வேகமும் கூடிய நாட்களிலும் காற்றழுத்தம் குறைந்த நாட்களிலும் வலி ஓரளவு அதிகரித்ததையும், வெப்பநிலைக்கு அத்தகைய தெளிவான தொடர்பு இல்லை என்பதையும் அது காட்டியது. அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆனால் அது குளிரைவிட ஈரத்தைச் சார்ந்தது, அதன் அளவும் சிறியது. வானிலையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு அந்த உண்மை போதாது.

வலிமையான மருந்தே சிறந்த மருந்து என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் திருத்தியுள்ளன. புதிதாக ஏற்பட்ட கழுத்துவலியோ இடுப்புவலியோ உடைய 347 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அபினி வகை மருந்து பெற்றவர்களுக்கும் மருந்தில்லா வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் ஆறு வாரங்களுக்குப் பின் வலியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சர்க்கரை நோயால் பாதங்களில் ஏற்படும் நரம்புவலிக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு, மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தருவதையும், ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தால் கூடுதல் நிவாரணம் கிடைப்பதையும் 2022இல் காட்டியது. இவற்றுள் அமிட்ரிப்டிலின் பழைய, மிக மலிவான மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே நரம்புவலியைக் கவனிக்கத் தொடங்கலாம் என்பதற்கு இந்த முடிவு வலுவான ஆதாரம்.

மார்ஃபினும் அதைச் சூழ்ந்த அச்சமும்

புற்றுநோய் வலியில் நிலைமை வேறு. அங்கே அபினி வகை மருந்துக்கு மாற்றில்லாத கட்டங்கள் வருகின்றன. 1986இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ‘மூன்று படி’ முறை, சாதாரண வலிநிவாரணி, மிதமான அபினி மருந்து, மார்ஃபின் என்று வலியின் கடுமைக்கேற்ப ஏறிச்செல்லும் எளிய வழியைக் காட்டியது. நடுத்தர வலியுடைய 240 புற்றுநோயாளிகளிடம் இத்தாலியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இரண்டாம் படியைத் தாண்டி நேரடியாகக் குறைந்த அளவு மார்ஃபின் பெற்றவர்களுள் 88 சதவீதத்தினரும், மிதமான மருந்து பெற்றவர்களுள் 58 சதவீதத்தினரும் தக்க நிவாரணம் பெற்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் படிகளைக் கண்டிப்பான விதியாகக் கொள்ளாமல், நோயாளிக்கு நோயாளி வேறுபடும் தேவையை முன்னிறுத்துகிறது.

மார்ஃபின் மாத்திரையைத் தரும் முறையில் மறைபொருள் எதுவுமில்லை. சாதாரண மாத்திரையின் பயன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடிப்பதால், வலி வந்த பிறகு விழுங்கக் காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மருத்துவர் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராமிலும், முதியவர்களுக்கு அதனினும் குறைவாகவும் தொடங்கி, வலி அடங்கும் வரை அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். இடையில் வலி மேலெழுந்தால் தருவதற்கென ஒரு நாள் மொத்த அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தனியே குறித்துத் தரப்படும். நள்ளிரவில் எழுப்ப நேராதிருக்க, படுக்கும் வேளையில் இரட்டை அளவு தரும் வழக்கமும் உண்டு. மார்ஃபின் உட்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்க்கப்படும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஒரு செவிலியர் ஒரு தாளில் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாத வீட்டாருக்குச் சூரியனும் நிலவும் வரைந்து விளக்கிவிடக்கூடிய ஒழுங்கே இது.

இத்தனை எளிய மருந்து கிடைக்காமற்போனதற்குச் சட்டமும் அச்சமும் காரணங்கள். மார்ஃபினின் மூலப்பொருளான அபினியை அரசு உரிமத்தின் கீழ்ப் பெருமளவில் விளைவித்து உலகுக்கு அளிக்கும் நாடு இந்தியா. ஆயினும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பின், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கவே பல உரிமங்களை வெவ்வேறு துறைகளிடம் பெற வேண்டியதாயிற்று. 1990களின் இறுதிக்குள் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு ஏறக்குறைய 97 சதவீதம் வீழ்ந்தது. மார்ஃபினை எழுதவே கற்காத ஒரு தலைமுறை மருத்துவர்கள் கல்லூரிகளிலிருந்து வெளிவந்தனர்.

வீட்டுக்கு மார்ஃபின் கொடுத்தனுப்பினால் அது தவறான கைகளுக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கு விடை கோழிக்கோட்டிலிருந்து வந்தது. மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் 1993இல் அங்கே தொடங்கிய வலி நிவாரண அமைப்பில், இரண்டு ஆண்டுகளில் வீட்டிலேயே மார்ஃபின் உட்கொண்ட 1,723 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு 2001இல் ‘லான்செட்’டில் வெளியானது, மருந்து திசைமாறிப்போன நிகழ்வு ஒன்றுகூட அதில் பதிவாகவில்லை. நீண்ட போராட்டத்தின் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என வகைப்படுத்தப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் அங்கீகாரமே போதும் என்ற நடைமுறை 2015இல் வந்தது. சட்டத்தின் கதவு திறந்தபின்னும் வழக்கத்தின் கதவு முழுதாகத் திறக்கவில்லை. உலகில் விநியோகமான 298.5 டன் அபினி வகை மருந்தில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன் மட்டுமே என்று 2017இல் ‘லான்செட்’ ஆணையம் கணக்கிட்டது, இந்த ஏற்றத்தாழ்வு உலகளாவியது என்பதைக் காட்டுகிறது.

மாத்திரைக்கு அப்பால்

வலி என்பது உடலோடு முடிவதில்லை. நோயாளியின் அச்சம், குடும்பத்தின் கடன், தனிமை, வாழ்வின் பொருள் பற்றிய கலக்கம் ஆகியவை அதனுள் பின்னியிருக்கின்றன என்பதை ‘முழுமை வலி’ என்ற கருத்தால் விளக்கியவர், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ். நோய் ஆதரவு சிகிச்சை என்று தமிழ்நாட்டு மருத்துவத் துறை அழைக்கும் பிரிவு இக்கருத்தில் வேரூன்றியது. சாகும் தறுவாயில் மட்டும் தரப்படுவது இது என்ற எண்ணத்தை 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு மாற்றியது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில், வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. இறுதிக்கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றபோதும், சராசரியாக 8.9 மாதங்களுக்குப் பதில் 11.6 மாதங்கள் உயிர்வாழ்ந்தனர்.

இச்சிகிச்சையின் வலிமை சின்னஞ்சிறு செயல்களில் இருக்கிறது. வாயிலோ மார்பிலோ புற்றுநோய்ப் புண் வெடித்து நாற்றம் வீசும்போது, உறவினரும் அருகில் வரத் தயங்க, நோயாளி ஓர் அறையில் ஒதுங்கிவிடுகிறார். வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து, உப்புநீரால் கழுவிய புண்ணின் மேல் தூவி மூடினால், நாற்றத்துக்குக் காரணமான கிருமிகள் அழிந்து சில நாட்களில் வாடை அடங்குகிறது. மனிதர்கள் மீண்டும் அருகில் வந்து அமர்கிறார்கள். படுக்கையிலேயே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது படுக்கைப்புண்ணைத் தடுக்கிறது. கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த கொடைக்கானல் உயரத்தில் நுரையீரல் நோயாளிக்கு மூச்சுத்திணறல் எளிதில் கூடும். அந்நிலையில் சிறு கைவிசிறியால் முகத்தில் காற்றுப் படச்செய்வதே திணறல் உணர்வைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் திணறலுக்கு மார்ஃபின் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று 2022இல் வெளியான ஆய்வையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும். எங்கே மாத்திரை வேண்டும், எங்கே விசிறி போதும் என்று பிரித்தறிவதே இத்துறையின் தேர்ச்சி.

கடைசி வீடு வரை

வீடு தேடிச் செல்லும் மருத்துவத்தின் முன்னோடி கேரளம். 2008இல் நோய் ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்து உள்ளாட்சி அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதோடு, இயன்முறை சிகிச்சையையும் நோய் ஆதரவு சிகிச்சையையும் தன் பணிகளாக ஏற்றது. தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது 2024இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அதற்கு ஈராண்டுகள் முன்னதாக, 2022 ஜனவரியில், திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி முறையாகத் திறக்கப்பட்டதால், மலைக்கு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பெரிய மருத்துவமனையும் வாய்த்தது.

சமவெளிக்கு வகுத்த கணக்கு மலைக்கு அப்படியே பொருந்தாது. சமவெளியில் ஒரு செவிலியர் ஒரு நாளில் பார்க்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை, கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. தொலைவிலுள்ள மன்னவனூரையும், பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளையும் சேர்க்கும்போது வெகுவாகக் குறைந்துவிடும். வாகனச் சாலையின்றி நெடுங்காலம் வாடிய வெள்ளகவியில் நோயாளிகளை டோலி கட்டிச் சுமந்து சென்ற செய்திகள் பலமுறை நாளிதழ்களில் வந்தவை. இத்தகைய ஊர்களில் புற்றுநோய் முற்றிய ஒருவரை மார்ஃபின் சீட்டுக்காக மாதந்தோறும் மதுரைக்குக் கொண்டுசெல்வது, அந்தப் பயணத்தையே இன்னொரு வலியாக்கிவிடும்.

மலைக்கென்று மூன்று ஏற்பாடுகள் அவசியம். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை ஒருநாளும் தீராமல் இருப்பில் இருக்க வேண்டும். அதை எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அங்கே எப்போதும் பணியில் இருக்க வேண்டும். மலைப்பாதையின் நேரத்தைக் கணக்கிட்டு, வீட்டுப் பார்வைக்கான செவிலியர், இயன்முறை மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இவற்றோடு, இரத்த அழுத்தத்தைக் குறிப்பதுபோலவே, ஒவ்வொரு நோயாளியின் வலியையும் பூச்சியத்திலிருந்து பத்து வரையிலான அளவுகோலில் கேட்டுப் பதிவுசெய்யும் வழக்கம் துணை சுகாதார நிலையம் வரை வர வேண்டும்; எழுதப்படாத வலிக்கு எந்த நிர்வாகமும் மருந்து ஒதுக்காது.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் நாட்பட்ட நோயாளி இருந்தால், வலி எந்த இடத்தில், எவ்வகையில், எந்த நேரத்தில், பத்துக்கு எத்தனை என்று குறித்துவைத்து, வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும் செவிலியரிடமும் சொல்ல வேண்டும். நோய் ஆதரவு சிகிச்சை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மருத்துவர் மார்ஃபின் எழுதினால், அது கைவிட்டதன் அடையாளம் என்று அஞ்ச வேண்டியதில்லை. வலியின்றி இருப்பது நோயாளியின் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சத்துக்கு இடமில்லை.